ஒப்புதலுக்கு உட்பட்டு

ஜூன் 5, திங்கள்

முதல்வர் கூப்பிட்டனுப்பினார். எம்.காம். முதலாண்டுக்கு எட்டுப் பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள். மாத முடிவுக்குள் பதினைந்து ஆகாவிட்டால் வகுப்பு கிடையாது. சுயநிதிப் பிரிவில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் நான். வகுப்பு இல்லையென்றால் நானும் இல்லை. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. “பாத்துக்கிடுங்க மேடம்” என்றார், அவ்வளவுதான்.

ஒரு வழியையும் அவரே காட்டினார். பல்கலைக்கழகத்திலிருந்து புதிதாக ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. பி.காம். படிக்காத பட்டதாரிகளும், எந்தப் பாடம் படித்திருந்தாலும், ஆறு மாத இணைப்புப் படிப்பைக் கூடவே முடித்தால் எம்.காம். சேரலாம். கடைசி வரியில் ‘பல்கலைக்கழகத்தின் ஒப்புதலுக்கு உட்பட்டு’ என்று இருக்கிறது. இணைப்புப் படிப்புக்கு ஒருங்கிணைப்பாளர் நான்தான்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். மில் மூடியதிலிருந்து இரண்டு வருஷமாகச் சமையல் இவர் பொறுப்பு. “ஏழு பேர்தான? இந்தச் சங்கரன்கோவில்ல கெடைக்காமயா போவாங்க” என்றார். கத்தரிக்காய் அடிப்பிடித்திருந்தது. சொல்லாமல் சாப்பிட்டேன்.

ஜூன் 8, வியாழன்

சேர்க்கை பற்றிய முதல் விசாரிப்பு. புளியங்குடியிலிருந்து ஒரு பெண், பி.எஸ்சி. இயற்பியல், அப்பாவோடு வந்திருந்தாள். கணக்கியல் பக்கம் வர ஆசை. நான் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அறுபது சதவீதம் இருந்தால் சி.ஏ. இடைநிலைக்கு நேரடியாகப் போகலாம். சி.எம்.ஏ.வுக்குப் பட்டம் இருந்தாலே போதும். எம்.பி.ஏ.வில் நிதி எடுக்கலாம். தபால் வழியில் பட்டயப் படிப்பும் இருக்கிறது. எங்கள் படிப்புக்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை என்பதையும் சொன்னேன். அப்பா எல்லாவற்றையும் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். “இவ்வளவு பொறுமையா யாரும் சொன்னதில்ல மேடம்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். சேரவில்லை.

முதல்வர் கேட்டார்: “நீங்க நம்ம காலேஜுக்கு ஆள் சேக்கீங்களா, ஊருக்கெல்லாம் சேக்கீங்களா?”

ஜூன் 14, புதன்

துணி துவைக்கவில்லை. தண்ணீர் வரவில்லை.

இன்று ஒருவர் சேர்ந்தார். அமலதாஸ், வயது இருபத்தொன்பது, பி.ஏ. தத்துவம். கத்தோலிக்கக் குருமடத்தில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு, குருப்பட்டம் பெறுவதற்கு முன்னால் வெளியே வந்துவிட்டவர். சொந்த ஊர் வள்ளியூருக்குப் பக்கம். “சாமியாராப் போனவன் திரும்பி வந்தா எங்க ஊர்ல சாவு விழுந்த மாதிரி மேடம். அம்மா ஒரு வருஷமா எங்கிட்ட பேசுறதில்ல. கையில ஒரு படிப்பு, ஒரு வேலைன்னு போயி நின்னாத்தான் அவங்க மொகத்துல முழிக்க முடியும்” என்றார்.

மற்றப் படிப்புகளைப் பற்றி அவர் கேட்கவில்லை. நேரமும் ஆகிவிட்டது.

ஜூன் 20, செவ்வாய்

பேச்சித்தாய் என்று ஒரு அம்மாள். அம்மாள் என்ன, என்னைவிட நாலைந்து வயது இளையவள், முப்பத்தெட்டு. பி.எஸ்சி. விலங்கியல். பதினோரு வருஷமாக ஒரு கண் ஆஸ்பத்திரியில் பதிவுச் சீட்டுப் போடுகிறாள். புருஷன் இறந்து ஆறு வருஷம். மகள் இலக்கியா பிளஸ் டூ. ஆஸ்பத்திரியில் கணக்கு அலுவலர் இடம் அடுத்த வருஷம் காலியாகிறதாம். எம்.காம். இருந்தால் அவளுக்கே தருவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார்.

விண்ணப்பத்தை ஒரு வரி விடாமல் படித்தாள். விரலை வைத்துக் கேட்டாள்: “இது என்ன மேடம், ஒப்புதலுக்கு உட்பட்டுன்னு போட்டிருக்கு?”

“வழக்கமாப் போடுறதுதான்.”

“பின்னால ஒண்ணும் வராதுல்லா?”

“வராது.”

கையெழுத்துப் போட்டாள். அழகான கையெழுத்து.

ஜூன் 30, வெள்ளி

பதினைந்து. முதல்வர் கைகொடுத்தார். வரும் வழியில் அரைக் கிலோ மட்டன் வாங்கினேன்.

ஜூலை 12, புதன்

இணைப்பு வகுப்பு காலை எட்டரைக்கு. ஏழு பேர், ஏழு திசை. விலங்கியல், தத்துவம், வரலாறு, தமிழ், கணினி, கணிதம் இரண்டு. கரும்பலகையில் ஒரு பக்கம் பற்று, மறுபக்கம் வரவு என்று எழுதினேன். தமிழ் படித்தவர், “பற்றுன்னா ஆசைல்லா மேடம்?” என்று கேட்டார். அமலதாஸ் சிரித்துவிட்டார். “அங்க ஒம்போது வருஷமா பற்றை விடு விடுன்னாங்க. இங்க வந்தா முதல் பாடமே பற்று எழுதுன்னு சொல்லுதீங்க.” வகுப்பே சிரித்தது. நானும்.

பல கல்லூரிகளில் பதினேழு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். பி.காம். முடித்து வரும் பிள்ளைகள் ‘ஏன்’ என்று கேட்பதில்லை. இந்த ஏழு பேரும் வரிக்கு வரி கேட்கிறார்கள். எம்.காம். வகுப்பு ஒன்றரைக்கு முடிந்ததும் பேச்சித்தாய் மதிய ஷிப்டுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கடைசி ஐந்து நிமிஷம் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், ஆனாலும் எழுந்திருக்க மாட்டாள்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

தபாலில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருங்கிணைப்பாளர் பெயருக்கு ஒரு கடிதம். ஆடி வெள்ளி, கோயிலில் கூட்டம். மாவிளக்கு போட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

முதல்வர் கொடியேற்றினார். வெயிலில் முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு எல்லோரோடும் நின்று மிட்டாய் சாப்பிட்டார். அமலதாஸ் என்னிடம் வந்து, அம்மா தொலைபேசியில் பேசிவிட்டார் என்றார். “காலேஜ்ல சேந்துட்டேன்னு சொன்னேன் மேடம். ‘சாப்ட்டியா’ன்னு கேட்டாங்க. ஒரு வருஷத்துக்கப்புறம் மொத வார்த்தை அதான்.”

ஆகஸ்ட் 19, சனி

அந்தக் கடிதத்தைப் பற்றி எழுதிவிடுகிறேன். இணைப்புப் படிப்பை ஏற்பதில்லை என்று பல்கலைக்கழகம் முடிவு செய்திருக்கிறது. அப்படிச் சேர்த்த மாணவர்களுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். 31ஆம் தேதிக்குள் அவர்கள் தகுதியுள்ள வேறு படிப்புக்கு மாறிக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

முதல்வரிடம் காட்ட வேண்டும். இந்த வாரம் முழுவதும் அவர் ஊரில் இல்லை. தவிர, பல்கலைக்கழகத்தில் இன்று ஒன்று சொல்வார்கள், அடுத்த கூட்டத்தில் மாற்றுவார்கள். பத்து வருஷத்துக்கு முன் கட்டண விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. அவசரப்பட்டு ஏழு பேரைக் கலவரப்படுத்துவானேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

பையில் கடிதத்தின் மடிப்பு மாறியிருந்தது. நான் மூன்றாக மடித்திருந்தேன். இப்போது நான்காக இருக்கிறது. இவர் பேனா தேடியிருப்பார்.

இவர் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு போடும்போது அப்பளத்தை மட்டும் இரண்டாவது தடவை வைத்தார்.

ஆகஸ்ட் 31, வியாழன்

நல்ல மழை. ஐந்தாவது பீரியடுக்கு யாரும் வரவில்லை.

செப்டம்பர் 13, புதன்

வகுப்பு முடிந்ததும் பேச்சித்தாய் காத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் காலை ஷிப்ட் என்று மாற்றிவிட்டார்களாம். இனி வேலைக்கும் போய் வகுப்புக்கும் வர முடியாது.

“வேலைய விட்டுரட்டா மேடம்? ஒன்றரை வருஷம் பல்லக் கடிச்சிட்டா முடிச்சிருவேன். எங்க கொழுந்தனார்தான் சத்தம் போடுதாரு. நீங்க என்ன சொல்லுதீங்க?”

“வீட்டில கலந்து பேசி முடிவெடுங்க” என்றேன்.

“வீட்ல யாரு இருக்கா மேடம் கலந்து பேச? அதான் உங்ககிட்ட கேக்கேன்.”

அது அவரவர் சொந்த விஷயம் என்றேன். அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்? அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

செப்டம்பர் 18, திங்கள்

பேச்சித்தாய் இன்று கடைசி வரை இருந்தாள். வாட்சைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 9, திங்கள்

உள்தேர்வுத் தாள் திருத்தி முடித்தேன். பேச்சித்தாய் 81. பி.காம். பிள்ளைகளில் யாரும் 70ஐத் தாண்டவில்லை. பேச்சித்தாய் எல்லோருக்கும் பால்கோவா கொண்டுவந்தாள். எனக்குத் தனியாக இலையில் மடித்துத் தந்தாள். ஒரு துண்டு வாயில் போட்டேன். இனிப்பு இப்போதெல்லாம் ஒத்துக்கொள்வதில்லை.

அமலதாஸ் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, “உங்களுக்கு உடம்புக்கு முடியலையா மேடம்? ஒரு மாசமா யார் மொகத்தையும் பாத்துப் பாடம் நடத்த மாட்டேங்கீங்க” என்றார். கண் உறுத்துகிறது என்று சொன்னேன்.

நவம்பர் 14, செவ்வாய்

தேர்வுப் பட்டியல் வந்தது. எட்டுப் பேருக்குப் பதிவெண். ஏழு பேர் இல்லை.

முதல்வர் அறைக்குப் போய்க் கடிதத்தை மேசையில் வைத்தேன். இரண்டு முறை படித்தார். பிறகு தேதியைப் பார்த்தார்.

“இது ஆகஸ்ட் மாசத்துக் கடுதாசி.”

“ஆமா சார்.”

“மூணு மாசமா எங்க இருந்துச்சு?”

“என் பையில.”

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கத்துவார் என்று நினைத்தேன். தண்ணீர் குடித்தார். “வெளிய தெரிஞ்சா காலேஜ் பேரு நாறிரும். போன வாரம்தான் வந்துச்சுன்னு சொல்லிருவோம். கட்டின பணத்தத் திருப்பிக் குடுத்துருவோம். நீங்களும் பொழைச்சீங்க, நானும் பொழைச்சேன்.”

“சரி சார்.”

நவம்பர் 15, புதன்

ஏழு பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். வரலாறு படித்த பையன் மேசையைக் குத்தினான். கணிதக்காரி அழுதாள். அமலதாஸ் எழுந்துபோய், நான் எதுவுமே எழுதியிராத கரும்பலகையைத் துடைத்தார். அப்படியே வெளியே போய்விட்டார்.

பேச்சித்தாய் மட்டும் கேட்டாள். “எப்ப மேடம் வந்துச்சு அந்தக் கடுதாசி?”

“போன வாரம்.”

“போன வாரமா?”

“ஆமா.”

“சரி மேடம்” என்றாள். நோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பைக்குள் வைத்தாள்.

நவம்பர் 23, வியாழன்

பேச்சித்தாய் சான்றிதழ்களைத் திரும்ப வாங்க வந்தாள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டதாம். நான் நூலகத்தில் இருந்தேன்.

டிசம்பர் 8, வெள்ளி

எட்டுப் பேரே மிஞ்சினாலும் தொடங்கிய வகுப்பைப் பாதியில் மூட முடியாதாம். இரண்டு வருஷமும் நடத்தியே தீர வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது. அதாவது இரண்டு வருஷத்துக்கு எனக்கு வேலை உண்டு.

இவர் பாயசம் வைத்தார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம். “அந்தப் புள்ளைக என்ன செய்யுதாம்?” என்று கேட்டார். எந்தப் பிள்ளைகள் என்று நான் கேட்கவில்லை. தெரியாது என்றேன். டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

ஜனவரி 11, வியாழன்

நாத்தனாருக்குப் பொங்கல் சேலை எடுக்கக் கடைக்குப் போனேன். இரண்டாவது மாடியில் சேலைப் பிரிவு. “வாங்க மேடம், உக்காருங்க” என்ற குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. கடைச் சீருடையில் பேச்சித்தாய் நின்றுகொண்டிருந்தாள்.

திரும்பிப் போயிருக்கலாம். உட்கார்ந்துவிட்டேன். அவள் ஒவ்வொரு சேலையாக எடுத்து விரித்தாள். “இது மங்காத கலர் மேடம். இது வெயிட் இல்லாம இருக்கும், காலேஜுக்குக் கட்டிட்டுப் போலாம்.” முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. வருகிற எல்லோரிடமும் பேசுகிற பேச்சுதான். காலையிலிருந்து நிற்கிற கால் வலித்திருக்க வேண்டும். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள்.

“இலக்கியா எப்படி இருக்கா?” என்று கேட்டேன்.

“இருக்கா மேடம். அந்தப் பச்சைய எடுக்கட்டா?”

எனக்காக இருபது சேலை விரித்துவிட்டாள். எது என்று பார்க்காமலே ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். திரும்பிப் பார்த்தபோது மற்ற பத்தொன்பதையும் மடித்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 21, ஞாயிறு

பேச்சித்தாய் வீட்டைத் தேடிப் போனேன். காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு. பக்கத்து வீடு கொழுந்தனாருடையது. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். இலக்கியா உள்ளே படித்துக்கொண்டிருந்தாள்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனது ஒன்றும் வாயில் வரவில்லை. “அந்தக் கடிதம் நவம்பர்ல வரலை. ஆகஸ்ட் பதினொண்ணாந் தேதியே வந்துட்டு” என்றேன்.

அவள் கை நின்றது.

“அப்ப, நான் வேலைய விடட்டான்னு உங்ககிட்ட கேக்கும்போது?”

“என் பையில இருந்துச்சு.”

“பையின்னா? தோள்ல போட்டிருந்தீங்களே, அந்தப் பையிலயா?”

“ஆமா.”

கீரைக் காம்பை ஒடித்து ஒடித்துப் போட்டாள். பிறகு நிமிராமலே சொன்னாள்: “இப்ப இதச் சொல்லி நீங்க எறக்கி வச்சிட்டுப் போயிருவீக. நான் எங்க கொண்டுபோயி எறக்க?”

பையைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“நான் ஃபெயிலாயிட்டேன்னு ஊரு பூராச் சொல்லுதாக. வயசான காலத்துல படிக்கப் போனா, காலேஜ்ல வெளிய தள்ளிட்டாகன்னு எங்க கொழுந்தனார் வாறவுக போறவுககிட்டயெல்லாம் சொல்லுதாரு. எம் மகளும் அதைத்தான் நம்புதா. எழுதிக் குடுங்க மேடம். எம்மேல தப்பில்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

இலக்கியா நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தாள். எழுதினேன். பேச்சித்தாய் 81 மதிப்பெண் பெற்று வகுப்பில் முதலாவதாக வந்தவர். படிப்புக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதற்கு அவர் எவ்விதத்திலும் பொறுப்பல்ல. கடிதத்தைத் தெரிவிப்பதில் என்னால் தாமதம் ஏற்பட்டுவிட்டது.

வாங்கி, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

“தாமதம்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா.”

“தாமதம்னா பஸ்சு வர்றதுக்கு ஆகுறதுல்லா மேடம். மறைச்சேன்னு எழுதுங்க.”

அடித்துவிட்டு எழுதப் போனேன். “அடிச்சு எழுத வேண்டாம், புதுசா எழுதுங்க” என்றாள். இலக்கியா இன்னொரு தாள் கிழித்தாள். ‘மறைத்தேன்’ என்று எழுதினேன். இத்தனை மாதத்தில் இந்த டைரியில்கூட அந்த வார்த்தையை நான் எழுதவில்லை.

தாளை மகள் கையில் கொடுத்து, “சத்தமா வாசிட்டி” என்றாள். அந்தப் பெண் வாசித்தாள். பக்கத்து வீட்டில் டி.வி.யின் ஒலி குறைந்தது. நான் எழுந்து வந்தேன். வாசல் வரை யாரும் வரவில்லை.

ஜனவரி 22, திங்கள்

ஆகஸ்டில் முதல்வர் ஊரில்தான் இருந்தார்.

ஜனவரி 29, திங்கள்

அதே வாசகத்தை முதல்வருக்கும் ஒரு கடிதமாகக் கொடுத்தேன். “உங்களுக்குப் பைத்தியமா மேடம்?” என்றார். மாலைக்குள் வேலையிலிருந்து விடுவித்து உத்தரவு வந்தது. எம்.காம். வகுப்பை இனி வேறொருவர் எடுப்பார்.

இவர் உத்தரவைப் படித்தார். “அன்னைக்கே நான் கேட்டிருக்கணும்” என்றார்.

பிப்ரவரி 4, ஞாயிறு

மற்ற ஆறு பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். ஐந்து பேருக்குத் தபாலில் போய்விட்டது. அமலதாஸ் பெயருக்குப் போட்டது, அவர் தங்கியிருந்த விடுதியில் அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்தது. விண்ணப்பத்திலிருந்த வீட்டு முகவரியைக் குறித்து வைத்திருந்தேன். காலையில் திருநெல்வேலி போய், வள்ளியூர் போய், அங்கிருந்து மினி பஸ்ஸில் அவர் ஊருக்குப் போனேன்.

பூசை முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் நேரம். அம்மா பெயர் சவேரியம்மாள். அறுபத்தைந்து இருக்கும். தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்கவில்லை. காலேஜிலிருந்து வருகிறேன் என்றதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“எம்புள்ளைக்கு டீச்சரா நீங்க? வாங்க, வாங்க. கிறிஸ்மஸுக்குக்கூட வரல்ல. பரீட்சை இருக்குன்னுட்டான். வாரத்துக்கு ஒருக்கா போன் பேசுவான். ஆஸ்டல்ல சோறு நல்லாருக்கும்மான்னு சொல்லுவான். நல்லாப் படிக்கானா?”

“நல்லாப் படிப்பாரு” என்றேன். அது பொய்யில்லை.

பையிலிருந்து உறையை எடுத்தேன். கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று பார்த்தேன். அந்த அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

“எனக்கு எழுத்து தெரியாது. எம்புள்ளையப் பத்தியா போட்டிருக்கு? நீங்களே வாசிங்க.”

வாசிக்காமல் இருக்க எத்தனையோ காரணம் தோன்றியது. அமலதாஸ் சொல்லாததை நான் சொல்வது சரிதானா என்றும் தோன்றியது. ஆகஸ்டிலும் எனக்கு இப்படித்தான் நிறைய காரணங்கள் தோன்றின. வாசித்தேன். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டிருந்தார்.

“அப்பம் எம்புள்ள காலேஜ்ல இல்லியா?”

“நவம்பர்லயே போயிட்டாரு.”

“போயிட்டானா?” முக்காட்டின் நுனியை விரலில் சுற்றினார். “அப்பம் அவன் எங்க இருந்து போன் பேசுதான்?”

தெரியாது என்றேன்.